அடல்ட், சில்ட்ரன்ஸ் ரெண்டும் சேர்த்து ஒரே நர்சிங் டிகிரி: யுகேல டூயல் ஃபீல்டு படிப்புன்னா என்ன?

நம்ம ஊர்ல பி.எஸ்சி. நர்சிங் சேரும்போது எந்த வயசு பேஷன்டுக்கு நர்ஸ் ஆகப் போறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நாலு வருஷம், அதுக்குள்ள மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள், மனநலம், பிரசவம், கம்யூனிட்டின்னு எல்லாம் ஒரு சுத்து வந்துடும், முடிச்சதும் கவுன்சில்ல நர்ஸாவும் மிட்வைஃபாவும் சேர்த்தே பதிவு பண்ணிக்கலாம், குழந்தைங்க நர்சிங்ல ஸ்பெஷலா போகணும்னு தோணினா அப்புறமா எம்.எஸ்சி. படிக்கலாம். யுகேல அப்படி இல்ல. ஸ்கூல் முடிக்கப்போற 17 வயசுப் பிள்ளை யூகாஸ்ங்கிற யூனிவர்சிட்டி அட்மிஷன் தளத்துல அப்ளிகேஷன் போடுறப்பவே எந்த ஃபீல்டுன்னு சொல்லியாகணும். மொத்தம் நாலு ஃபீல்டு: அடல்ட், சில்ட்ரன்ஸ், மென்டல் ஹெல்த், லேர்னிங் டிஸெபிலிட்டி (அறிவு வளர்ச்சிக் குறைபாடு). எதுல படிக்கிறீங்களோ அந்தப் பேர்லதான் என்.எம்.சி. ரெஜிஸ்டர்ல ஏறுவீங்க. என்.எம்.சி.ன்னா நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அங்க நர்ஸ் வேலை பாக்கணும்னா அவங்க பதிவு இல்லாம முடியாது.

இங்க யுகேல இருக்கிற நம்ம வீடுகள்ல இந்த இடத்துலதான் குழப்பம் ஆரம்பிக்குது. அம்மா அப்பா ஊர் நினைப்புல "நர்ஸுன்னா நர்ஸுதானே, அதுல என்ன ஃபீல்டு"ங்கிறாங்க, பிள்ளைக்குக் குழந்தைங்கன்னா இஷ்டம், ஆனா அடல்ட்லதான் வேலை நெறைய இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, கடைசியில ரெண்டும் சேர்ந்த ஒண்ணு இருக்காமேன்னு தேட ஆரம்பிக்கிறாங்க. இருக்கு. அதுதான் டூயல் ஃபீல்டு. சவுத்தாம்ப்டன் யூனிவர்சிட்டி மாதிரி சில இடங்கள்ல அடல்ட், சைல்டு ரெண்டையும் சேர்த்து 4 வருஷப் படிப்பா நடத்துறாங்க, முடிச்சா பெரும்பாலும் மாஸ்டர்ஸ் லெவல் டிகிரி, ரெஜிஸ்டர்ல உங்க பேருக்கு நேரா ஆர்.என்.ஏ. (அடல்ட் நர்ஸ்), ஆர்.என்.சி. (சில்ட்ரன்ஸ் நர்ஸ்)னு ரெண்டு குறியீடு. ஒரே ஃபீல்டுன்னா வழக்கமா 3 வருஷம். அப்போ கூட ஒரு வருஷம் போட்டு இன்னொரு பதிவு வாங்குறோம், கணக்கு லாபம்தானேன்னு தோணும். பாதி உண்மை. மீதிப் பாதியச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல ஏன் இப்படிப் பிரிச்சாங்க? இது இன்னைக்கு நேத்து வந்த பிரிவு இல்ல. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்ல குழந்தைங்களுக்குன்னே ஆஸ்பத்திரி தொறந்தது 1852ல, வெறும் 10 பெட்டோட. 1919ல நர்ஸ் பதிவுச் சட்டம் வந்தப்பவே நோயாளிக் குழந்தைகளைப் பாக்குற நர்ஸுகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கிட்டாங்க. ஆனா அப்பவும் ரொம்ப காலத்துக்கு அப்பா அம்மாவை வார்டுக்குள்ள விட மாட்டாங்க, வந்தா பிள்ளை அழுது ஊரக் கூட்டுது, நர்ஸுக்கு வேலை கெடுதுன்னு காரணம். 1959ல பிளாட் அறிக்கைங்கிற அரசு கமிட்டி அறிக்கைதான் பெத்தவங்க எப்ப வேணா வரலாம், முடிஞ்சா கூடவே தங்கலாம்னு சிபாரிசு பண்ணுச்சு. இதை ஏன் சொல்றேன்னா, சில்ட்ரன்ஸ் நர்சிங்ல நீங்க பாக்குற பேஷன்ட் ஒருத்தர் இல்ல, குடும்பமே பேஷன்ட்டுங்கிற நெனப்பு அங்கருந்து வந்தது. இன்னைக்கும் ரெண்டு ஃபீல்டுக்கும் பெரிய வித்தியாசம் அங்கதான் நிக்குது, நோயில இல்ல.

சரி, பாடத்துக்கு வருவோம். டூயல் படிக்கிற ஸ்டூடன்டோட தலைக்குள்ள உண்மையில என்ன நடக்குதுன்னு புரியணும்னா மருந்துக் கணக்குல இருந்து தொடங்குறது சுலபம்.

ட்ரிப்ஸ்ல ஏத்துற பாராசிட்டமால எடுத்துக்குங்க. 50 கிலோவுக்கு மேல இருக்கிற, லிவர் கோளாறு ஒண்ணும் இல்லாத பெரியவருக்கு 1 கிராம், அதாவது 100 மி.லி. பாட்டில் ஒண்ணு, அப்படியே மாட்டிடலாம். அதே மருந்து 12 கிலோ குழந்தைக்குன்னா கிலோவுக்கு 15 மி.கி., ஆக 180 மி.கி., மருந்து 1 மி.லி.க்கு 10 மி.கி. இருக்கு, அதனால 18 மி.லி. மட்டும். இதுல யாராவது அவசரத்துல 180ங்கிற நம்பர மி.லி.ன்னு எடுத்துக்கிட்டா பத்து மடங்கு உள்ள போயிடும், இந்த மி.கி. மி.லி. குழப்பம் நிஜமாவே நடந்து எச்சரிக்கை வந்த விஷயம். (வீட்ல சிரப் குடுக்க இந்தக் கணக்கப் போடாதீங்க, இது ஆஸ்பத்திரியில ரத்தக் குழாய்ல ஏத்துறது.) பெரியவங்க வார்டுல பல மருந்துக்கு வழக்கமான ஒரு டோஸ் இருக்கும், நாலு தடவ பாத்தா கைக்குப் பழகிடும். குழந்தைங்க வார்டுல ஒவ்வொரு டோஸும் புதுக் கணக்கு, இன்னைக்கு எடுத்த வெயிட்டு, வயசு, இன்னொரு நர்ஸ் தனியா போட்டுப் பாத்த கணக்கு. டூயல் படிக்கிறவங்களுக்கு ஆபத்து எங்கன்னா, மூணு மாசம் அடல்ட் வார்டுல இருந்துட்டு குழந்தைங்க வார்டுக்குத் திரும்பும்போது அந்தக் கைப்பழக்கமும் கூடவே வந்துடும். அதைக் கழட்டி வெக்கக் கத்துக்கிறதுதான் படிப்பே.

இதுக்குத்தான் என்.எம்.சி. ஒரு விதி வெச்சிருக்கு, மருந்துக் கணக்குப் பரீட்சையில பாஸ் மார்க் 100க்கு 100. 98 எடுத்தா சூப்பர்னு சொல்ல மாட்டாங்க, ஃபெயில்தான். கேக்கும்போது கொடுமையா இருக்கும், ஆனா அந்த விட்டுப்போன ரெண்டு மார்க் எந்தப் பிள்ளையோட டோஸ்னு யோசிச்சா கொடுமையாத் தெரியாது.

அடுத்தது நாடி, மூச்சு, பிரஷர். பெரியவங்களுக்கு நாடித்துடிப்பு 60ல இருந்து 100, மூச்சு நிமிஷத்துக்கு 12ல இருந்து 20னு ஒரு சட்டம் மனசுல உக்காந்துடும். பொறந்த குழந்தைக்கு 110ல இருந்து 160 வரைக்கும் துடிச்சாலும் நார்மல், மூச்சு 30லருந்து 60. பெரியவருக்கு 140 துடிச்சா ஓடுவோம், பச்சக் குழந்தைக்கு 80 துடிச்சா ஓடுவோம். சார்ட்டும் அதனால வேற. பெரியவங்களுக்கு நியூஸ் 2ன்னு ஒரு ஸ்கோர் இருக்கு, 2017ல வந்தது, மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, சுயநினைவு, காய்ச்சல் எல்லாத்துக்கும் மார்க் போட்டுக் கூட்டி 5 வந்தா அவசரமா டாக்டரக் கூப்பிடணும், 7 வந்தா எமர்ஜென்சி டீம். அது 16 வயசுக்குக் கீழ செல்லாது, கர்ப்பிணிக்கும் செல்லாது. குழந்தைங்களுக்கு பியூஸ்னு தனி ஸ்கோர், இங்கிலாந்து முழுக்க ஒரே மாதிரி சார்ட்டு 2023 நவம்பர்லதான் வந்தது, ஒரு வயசுக்குள்ள, 1லருந்து 4, 5லருந்து 12, 13லருந்து மேலன்னு நாலு வயசுக்கு நாலு சார்ட்டு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் ஒண்ணு இருக்கு: கூட இருக்கிற அம்மாவோ அப்பாவோ "பிள்ளை சரியில்ல, எனக்கு பயமா இருக்கு"ன்னு சொன்னா அதையும் கணக்குல எடுக்கணும். நம்ம பாட்டிங்க "பிள்ளை முகமே சரியில்லடி"ன்னு சொல்றது இப்போ அதிகாரபூர்வமா சார்ட்டுல ஏறிடுச்சு.

இன்னொரு பொறி இருக்கு. குழந்தையோட ஒடம்பு ரொம்ப நேரம் சமாளிக்கும். ரத்தம் குறைஞ்சாலும் தண்ணி வத்தினாலும் நாடி எகிறி, ரத்தக் குழாய் சுருங்கி, பிரஷர் மட்டும் நார்மலாவே காட்டும், அது இறங்குற நேரத்துல நெலம கைமீறிப் போற கட்டத்துல இருக்கும். அதனால சில்ட்ரன்ஸ் நர்ஸ் பிரஷர் நல்லாத்தானே இருக்குன்னு நிம்மதியா உக்கார மாட்டாங்க, கை கால் சில்லுனு இருக்கா, நகத்த அழுத்திவிட்டா நிறம் திரும்ப எவ்ளோ நேரம் ஆகுது, பிள்ளை வெளையாடுதா இல்ல சுருண்டு படுத்திருக்கான்னு பாப்பாங்க. பெரியவங்க வார்டுல இதுக்குத் தலைகீழா ஒரு பொறி: பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுற 80 வயசுத் தாத்தாவுக்கு உள்ள ரத்தக் கசிவு இருந்தாலும் நாடி ஏறவே ஏறாது, மாத்திரை புடிச்சு வெச்சிருக்கும், 75னு அமைதியாக் காட்டும். ரெண்டு பக்கமும் நம்பர் பொய் சொல்லுது, ஆனா வேற வேற காரணத்துக்கு. ரெண்டு வார்டுலயும் நின்னவங்களுக்கு அந்தச் சந்தேகம் ஊறிப்போயிடும், டூயல் படிப்புல காசு குடுத்தாலும் வெளிய கிடைக்காத விஷயம்னு நான் நெனக்கிறது இதைத்தான்.

தண்ணிக் கணக்கும் அப்படியே. சாப்பிட முடியாத பெரியவருக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 25லருந்து 30 மி.லி. போதும். குழந்தைக்கு முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதுக்கு மேல 20 மி.லி., ஆக 12 கிலோ பிள்ளைக்கு 1,100 மி.லி. கிலோவுக்குப் பாத்தா பெரியவங்கள விட மூணு மடங்கு. யூரின் எவ்ளோ போச்சுன்னு பெரியவங்களுக்கு டியூப் பையிலயோ ஜாடியிலயோ அளப்பாங்க, குழந்தைக்கு ஈர நாப்பிய தராசுல வெச்சு, காஞ்ச நாப்பி எடையக் கழிச்சு, 1 கிராமுக்கு 1 மி.லி.ன்னு எழுதுவாங்க. முதல் பிளேஸ்மென்ட்ல (வார்டுல நேர்ல பயிற்சி எடுக்கிற காலம்) நாப்பியத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு முழிக்காத ஸ்டூடன்ட் கம்மி.

ரத்தம் எடுக்கிறதும் அப்படித்தான். பெரியவர் ஒடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம், 10 மி.லி. எடுத்தா கண்டுக்கவே மாட்டாரு. 1 கிலோ எடையில குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு மொத்தமே ஒரு 80, 90 மி.லி.தான், அங்க ஒவ்வொரு சொட்டும் எழுதி வெக்கப்படும்.

மூச்சும் இதயமும் நின்னுட்டா? பெரியவங்களுக்கு நெஞ்சுல 30 அழுத்து, வாயில 2 ஊது. குழந்தைக்கு எடுத்ததும் 5 தடவ ஊதணும், அப்புறம் 15 அழுத்து, 2 ஊது. காரணம் எளிது: பெரியவங்களுக்கு அனேகமா இதயத்துல கோளாறு வந்து நிக்குது, குழந்தைங்களுக்கு மூச்சு திணறி ஆக்சிஜன் போய் அதனால இதயம் நிக்குது.

வலி பத்தியும் ஒரு வார்த்த. பேசத் தெரியாத பிள்ளையோட வலிய முகம், கால், அசைவு, அழுகை, தேத்தினா அடங்குதான்னு அஞ்சு விஷயத்துக்கு 0லருந்து 2 வரைக்கும் மார்க் போட்டு 10க்குக் கணக்குப் பண்ணுவாங்க, ஃபிளாக் ஸ்கேல்னு பேரு. மறதி நோய் முத்தி, வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பாட்டிக்கு ஆபி ஸ்கேல், அதுலயும் முகச் சுளிப்பு, முனகல், ஒடம்ப வெச்சிருக்கிற விதம்தான். தியரி கிளாஸ்ல ரெண்டும் வேற வேற மாட்யூல்ல வரும். ஆனா குழந்தைங்க வார்டுல முகத்தப் படிக்கக் கத்துக்கிட்ட ஸ்டூடன்ட் அடுத்த டெர்ம் முதியோர் வார்டுல போய் நிக்கிறப்ப, மத்தவங்க "பாட்டி இன்னைக்கு முரண்டு பிடிக்கிறாங்க"ன்னு சொல்ற எடத்துல "இடுப்பு வலிக்குதோ"ன்னு கேக்க முடியும்.

இப்போ சட்டம். இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு அதிர்ச்சி. பெரியவங்களுக்கு 2005ல வந்த மென்டல் கெப்பாசிட்டி சட்டப்படி, முடிவெடுக்க முடியாதுன்னு நிரூபிக்கிற வரைக்கும் அவருக்கு முடியும்னுதான் வெச்சுக்கணும், மகன் டாக்டரா இருந்தாலும் அப்பாவுக்குப் பதிலா கையெழுத்து போட்டுட முடியாது. 16 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க சம்மதம். ஆனா அதுலயும் 1985ல கில்லிக் வழக்குல வந்த தீர்ப்பு ஒண்ணு இருக்கு, சிகிச்சையப் பத்தி முழுசாப் புரிஞ்சுக்கிற அறிவும் பக்குவமும் 15 வயசுப் பிள்ளைக்கு இருந்தா அது தானே சம்மதம் குடுக்கலாம், பல சமயம் வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்னு கேக்கவும் செய்யலாம். எங்க வளர்ப்புல வந்தவங்களுக்கு இதை ஏத்துக்கவே ஒரு டெர்ம் ஆகும். அம்மா வெளிய உக்காந்து "நான் பெத்தவ, எனக்குத் தெரியாம என்ன பேச்சு"ன்னு கேப்பாங்க, நீங்க யூனிஃபார்ம்ல நின்னு மரியாதையா, ஆனா விட்டுக்குடுக்காம பதில் சொல்லணும். தமிழ் தெரிஞ்ச நர்ஸுன்னா உங்களத்தான் முன்னாடி தள்ளுவாங்க, அப்பவும் குடும்ப விஷயத்துக்கு மொழிபெயர்ப்பாளரக் கூப்பிடுங்கன்னு சொல்லக் கத்துக்கிறது நல்லது.

படிப்போட அமைப்பு இப்படி. ஒரு ஃபீல்டுக்குக் குறைஞ்சது 4,600 மணி நேரம், அதுல பாதி தியரி, பாதி ஆஸ்பத்திரி கம்யூனிட்டின்னு நேர்ல, ரெண்டும் 2,300. நேர்ல செய்யுறதுல 600 மணி வரைக்கும் சிமுலேஷன் லேப்ல பொம்மை பேஷன்டோட செய்யலாம்னு இப்போ அனுமதி இருக்கு. டூயலுக்குத் தனி மணிக்கணக்குன்னு என்.எம்.சி. நிர்ணயிக்கல, ரெண்டு ஃபீல்டுலயும் திறமை வர்ற அளவுக்குப் படிப்பு நீளமா இருக்கணும்னு மட்டும் சொல்லுது, அதனாலதான் 4 வருஷம். பிளேஸ்மென்ட் ரெண்டு பக்கமும் மாறி மாறி வரும்: இந்த டெர்ம் ஸ்ட்ரோக் வார்டு, அடுத்தது குழந்தைங்க சர்ஜரி, அப்புறம் டிஸ்ட்ரிக்ட் நர்ஸோட வீடு வீடாப் போய் புண்ணு கட்டுறது, அப்புறம் ஹெல்த் விசிட்டரோட பொறந்து பத்து நாள் ஆன பிள்ளையப் பாக்கப் போறது. பன்னண்டு மணி நேர ஷிஃப்ட், நைட்டு, வீக்கெண்டு எல்லாம் உண்டு. ஸ்டூடன்டை ஆள் கணக்குல சேக்கக் கூடாதுன்னு விதி, நீங்க கத்துக்க வந்தவங்க, ஆள் பத்தாத வார்டுக்கு இலவச ஆள் இல்ல. நடைமுறையில இது எல்லா எடத்துலயும் சுத்தமா நடக்குதான்னு கேட்டா சிரிப்புதான் வரும், ஆனா விதின்னு ஒண்ணு இருக்கிறது தெரிஞ்சாத்தான் வாயத் தொறந்து கேக்க முடியும்.

வார்டுல கூட நின்னு சொல்லிக்குடுக்கிறவர் பிராக்டிஸ் சூப்பர்வைசர், பாஸா இல்லையான்னு முடிவு பண்றவர் பிராக்டிஸ் அசெஸர், யூனிவர்சிட்டி பக்கம் ஒரு அகாடமிக் அசெஸர். 2018ல இருந்து இந்த மூணு பேர் முறை. முன்னாடி ஒரே மென்டர் எல்லாம் பண்ணுவாரு, பழகின பிள்ளைய ஃபெயில் பண்ண மனசு வராது, அந்த வகையில இது நல்லதுக்குத்தான். எல்லாத்தையும் பேட்னு சொல்ற ஒரு டாக்குமென்ட்ல கையெழுத்து வாங்கிச் சேக்கணும், டூயல் ஸ்டூடன்டுக்கு ஒவ்வொரு திறமையையும் ரெண்டு வயசுக்கும் காட்டின மாதிரி ஆதாரம் வேணும். ஷிஃப்ட் முடிஞ்சு கார் பார்க்ல நிக்கிற அசெஸர ஓடிப் போய்ப் புடிச்சு கையெழுத்து வாங்குறதுதான் நாலாவது வருஷத்தோட உண்மையான உடற்பயிற்சி.

சரி, இவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்சவங்க எங்க போய் நின்னா ரெண்டு பதிவும் ஒரே நேரத்துல உதவும்? இந்தக் கேள்வியத்தான் அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி கேக்கணும், ஆனா நெறைய பேர் மூணாவது வருஷம் கேக்குறாங்க. ஏன்னா ஆஸ்பத்திரியில பெரும்பாலான வார்டு ஏதோ ஒரு பக்கம்தான். இதய வார்டுல சேந்தா நீங்க அடல்ட் நர்ஸ், குழந்தைங்க வார்டுல சேந்தா சில்ட்ரன்ஸ் நர்ஸ், இன்னொரு பதிவு சும்மா இருக்கும், பழக்கம் விட்டா ரெண்டு வருஷத்துல துருவும் ஏறிடும். ரெண்டும் வேலை செய்யுற எடங்கள் வேற. எமர்ஜென்சி டிபார்ட்மென்ட் ஒண்ணு, அங்க 3 மாசக் குழந்தையும் 93 வயசுத் தாத்தாவும் ஒரே கதவு வழியாத்தான் வர்றாங்க. சின்ன ஊர் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் தியேட்டர் ரிகவரி, ஜி.பி. சர்ஜரின்னு சொல்ற குடும்ப டாக்டர் கிளினிக், கம்யூனிட்டி நர்சிங், இங்கெல்லாம் உங்களுக்கு மதிப்பு உண்டு.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, 16 வயசுலருந்து 18, 20 வரைக்கும் இருக்கிற பிள்ளைங்க. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், டைப் 1 சுகர், பிறவி இதயக் கோளாறு, சிக்கிள் செல், தலசீமியா, இதெல்லாம் இருக்கிற பிள்ளைங்க முன்ன மாதிரி இல்லாம இப்போ பெரியவங்களா வளர்றாங்க. பொறந்ததுலருந்து ஒரே சில்ட்ரன்ஸ் டீம், நர்ஸுக்கு நாய்க்குட்டி பேரு வரைக்கும் தெரியும், அம்மாதான் எல்லா மாத்திரையும் ஞாபகம் வெச்சிருப்பாங்க. திடீர்னு ஒரு நாள் அடல்ட் கிளினிக். அங்க எல்லாமே அந்தப் பிள்ளைகிட்டதான் பேசுவாங்க, அம்மாவ ஓரமா உக்காரச் சொல்லுவாங்க, அப்பாயின்மென்ட்டுக்கு வரலன்னா யாரும் வீட்டுக்குப் போன் பண்ணித் தேட மாட்டாங்க. இந்த இடைவெளியில மாத்திரைய நிறுத்திட்டு மறுபடி எமர்ஜென்சியில வந்து விழுற பிள்ளைங்க இருக்காங்க. இதுக்காகத்தான் சிகிச்சை வழிகாட்டிகள் போடுற நைஸ் அமைப்பு 2016ல ஒரு வழிகாட்டி போட்டுச்சு, 13, 14 வயசுலயே, அதாவது ஒன்பதாம் வருஷப் படிப்புல இருக்கிறப்பவே மாற்றத்துக்குத் திட்டம் போடத் தொடங்கணும், கூட நிக்க குறிப்பிட்ட ஒருத்தர் இருக்கணும்னு. அந்த ஒருத்தரா இருக்க டூயல் படிச்ச நர்ஸ விடப் பொருத்தமான ஆள் கம்மி. ரெண்டு டீமோட பழக்கமும் தெரியும், அம்மாவோட பயமும் புரியும், பிள்ளையோட எரிச்சலும் புரியும். என்னக் கேட்டா இந்த எடத்துல வேலை பாக்கணும்னு ஆசை இருந்தா டூயல் எடுங்க. "எதுக்கும் இருக்கட்டும்"னு மட்டும் எடுக்காதீங்க.

ஏன்னா சம்பளம் அதிகமாகாது. ரெண்டு பதிவு இருந்தாலும் என்.எச்.எஸ்.ங்கிற அரசு மருத்துவச் சேவையில ஆரம்பம் பேண்ட் 5ங்கிற சம்பளப் படிதான், 2025-26ல இங்கிலாந்துல அது வருஷத்துக்கு 31,049 பவுண்டு. ஒரு வருஷம் முன்னாடியே முடிச்ச உங்க ஃப்ரெண்ட் அதுக்குள்ள ஒரு வருஷச் சம்பளமும் அனுபவமும் சேத்திருப்பா. ஃபீஸ் பக்கம், இங்கிலாந்துல உள்ளூர் ஸ்டூடன்டுக்கு 2025-26ல உச்சவரம்பு வருஷத்துக்கு 9,535 பவுண்டு, அதை நாலால பெருக்கிக்குங்க, ஸ்டூடன்ட் லோன் கிடைக்கும். பழைய பர்சரி உதவித்தொகை 2017ல புதுசா சேர்றவங்களுக்கு நின்னு போச்சு, 2020 செப்டம்பர்ல இருந்து வருஷத்துக்கு 5,000 பவுண்டு ட்ரெயினிங் கிராண்ட் தர்றாங்க, திருப்பிக் கட்ட வேண்டாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல ஏற்பாடு வேற, வேல்ஸ்ல முடிச்சதும் ரெண்டு வருஷம் அங்கயே வேலை பாக்கறேன்னு ஒத்துக்கிட்டா ஃபீஸே இல்ல. நாலாவது வருஷத்துக்கும் லோன், கிராண்ட் அப்படியே வருமான்னு சேர்றதுக்கு முன்னாடி யூனிவர்சிட்டிகிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. இந்தியாவுலருந்து ஸ்டூடன்ட் விசாவுல வர்றவங்களுக்கு இந்த லோனும் கிராண்டும் கிடையாது, ஃபீஸும் அதிகம், அந்தக் காசப் போடுறதுக்கு முன்னாடி ஊர்லயே பி.எஸ்சி. முடிச்சிட்டு வர்ற வழிய ஒரு தடவ ஒக்காந்து கணக்குப் போட்டுப் பாருங்க.

இன்டர்வியூல "எனக்குக் குழந்தைங்கன்னா உசுரு"ன்னு சொல்ற ஆள் வரிசை கட்டி நிக்கும். டூயலுக்கு அது பத்தாது, ஏன் ரெண்டும்னு கேப்பாங்க. முதியோர் இல்லத்துல ரெண்டு மாசம் வேலை பாத்தேன், லீவுல நர்சரியில உதவினேன், ரெண்டு எடத்துலயும் சாப்பாடு ஊட்டினேன், பிள்ளைய அவசரப்படுத்தினா துப்புது, தாத்தாவ அவசரப்படுத்தினா புரையேறுதுன்னு ஒரு அனுபவத்தச் சொன்னா அதுக்கு எடை அதிகம். மத்தபடி போலீஸ் பதிவு பாக்குற டி.பி.எஸ். செக், ஒடம்பு தகுதி, தடுப்பூசி எல்லாம் வழக்கம் போல.

ஏற்கனவே ஊர்ல நர்சிங் முடிச்சு யுகே வந்தவங்களுக்குக் கதை தனி. நம்ம பி.எஸ்சி.ல குழந்தைங்க நர்சிங்கும் ஒரு பாடம்தான், ஆனா கம்ப்யூட்டர் பரீட்சையும் ஆஸ்கிங்கிற செய்முறைத் தேர்வும் முடிச்சு என்.எம்.சி.ல சேரும்போது ஒரு ஃபீல்டத்தான் காட்டுவோம், பெரும்பாலும் அடல்ட். அதனால எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில போஸ்டிங் பாத்த ஆள் கூட இங்க ரெஜிஸ்டர்ல அடல்ட் நர்ஸாத்தான் இருப்பாங்க. அவங்க இந்த 4 வருஷ டிகிரிய மறுபடி படிக்கத் தேவையில்ல. ஏற்கனவே பதிவான நர்ஸ் இன்னொரு ஃபீல்டு சேக்கணும்னா முன்ன படிச்சத கணக்குல எடுத்துக்கிட்டு படிப்பச் சுருக்கலாம்னு என்.எம்.சி. விதியில இடம் இருக்கு, புதுசா சேர்றவங்களுக்கு அந்தச் சலுகை பாதிப் படிப்பு வரைக்கும்தான், பதிவான நர்ஸுக்கு அந்தப் பாதிங்கிற வரம்பும் இல்ல. எல்லா யூனிவர்சிட்டியும் இதை நடத்துறதில்ல, சில ஆஸ்பத்திரிகள் ஸ்டாஃப அனுப்பிப் படிக்க வெப்பாங்க, உங்க வார்டு மேனேஜரையும் ட்ரஸ்ட்டோட (ஆஸ்பத்திரிய நடத்துற என்.எச்.எஸ். அமைப்பு) எஜுகேஷன் டீமையும் கேளுங்க. ரெண்டு ஃபீல்டு இருக்குன்னு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற ரீவேலிடேஷனுக்கு, அதாவது பதிவப் புதுப்பிக்கிறதுக்கு, வேலை பாத்த மணிக்கணக்கு இரட்டிப்பாகாது, அதே 450 மணி நேரம்தான். நர்ஸாவும் மிட்வைஃபாவும் பதிவு வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் 900.